உங்களுக்குத் தெரியுமா? சங்கிலியில் கட்டிய நாயும் பறவைகளை விரட்டும்

திருச்செங்கோட்டிலிருந்து ஈரோட்டுக்கு அருகிலுள்ள வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்குக் கிளம்புகிறவர்கள் வளர்ப்பு நாயை வீட்டிலேயே விட்டுச் செல்வதுதான் நியாயம். 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்தச் சரணாலயத்தின் பரப்பு சுமார் 77 ஹெக்டேர்தான்; மிரண்டு எழும் பறவைக்கு ஒதுங்க இடம் குறைவு. “சங்கிலியில்தானே பிடித்திருக்கிறோம்?” என்று கேட்கலாம். சிட்னி அருகே காட்டுப் பாதைகளில் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சங்கிலியில் நாய் நடந்த பாதைகளில் பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதம் குறைந்தது. மனிதர் மட்டும் நடந்தபோது பாதிப்பு பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. நாய் துரத்தவே வேண்டாம், கண்ணில் பட்டாலே போதும். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லின் நிறத்திலேயே முட்டையிடும். தாய் மிரண்டு பறந்து நெடுநேரம் திரும்பாவிட்டால், கொங்கு வெயிலில் அந்த முட்டைகள் வெந்துபோகும்.

“தடுப்பூசி போட்ட நாயால் என்ன கெடுதல்?” என்பது அடுத்த கேள்வி. தடுப்பூசி அவசியம்தான். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்களைக் கொன்ற டிஸ்டெம்பர் வைரஸ், சுற்றுக் கிராமத்து நாய்களிடமிருந்து பரவியதாகவே கருதப்படுகிறது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இறந்த சிங்கங்களிடமும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. ஆனால் ஊசி நோயைத் தடுக்குமே தவிர, பறவையின் மிரட்சியைத் தடுக்காது. நாய்க்கு நடை வேண்டும். அதற்கு ஊர்ச் சாலையும் வயல் வரப்பும் இருக்கின்றன. பறவைகளுக்கு இருப்பது அந்தச் சரணாலயம் ஒன்றுதான். அதை அவற்றுக்கே விட்டுவைப்போம்.