வாட்ஸ் அப் பேக் அப்: பெட்டி இருக்கிறது, சாவி எங்கே?

சென்ற ஆண்டு என் மாமாவின் ஆண்ட்ராய்ட் போன் திடீரென முடங்கிப் போனது. ரிப்பேர் கடையில், "ரீசெட் செய்தால்தான் சரியாகும் சார். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பேக் அப் இருக்கிறதா?" என்று கேட்டனர். வாட்ஸ் அப் தினமும் பேக் அப் ஆவதை மாமா பார்த்திருக்கிறார். எனவே தைரியமாகச் சரி என்றார்.

போன் சரியானது. ஆனால் பேக் அப் இருக்கும் கூகுள் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்ட் கேட்கப்பட்டது. அந்த அக்கவுண்ட், போன் வாங்கிய அன்று கடையில் இருந்தவர் அவசரமாக உருவாக்கித் தந்தது. பாஸ்வேர்ட் மாமாவுக்குத் தெரியாது. மறந்தால் மீட்பதற்கெனப் பதிந்த போன் எண்ணும் அவருடையதல்ல. மறைந்த அத்தை அவருக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் எல்லாம் அந்த பேக் அப்பில்தான் இருந்தன. பெட்டி பத்திரமாக இருந்தது. திறக்கத்தான் சாவி இல்லை.

இந்த நிலை உங்களுக்கு வராமல் இருக்க என்ன செய்திட வேண்டும் எனப் பார்க்கலாம்.

மெசேஜ்கள் எங்கே இருக்கின்றன?

வாட்ஸ் அப் நிறுவனத்தின் சர்வரில் நம் பழைய மெசேஜ்கள் எல்லாம் இருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். இது தவறு. மெசேஜ் உரியவரைச் சென்றடைந்தவுடன் சர்வரிலிருந்து நீக்கப்படுகிறது. சென்றடையாதவை மட்டும் 30 நாட்கள் வரை காத்திருக்கும். எனவே உங்கள் மெசேஜ்கள் இருக்கும் முதன்மையான இடம் உங்கள் போன்தான். கம்ப்யூட்டரில் வாட்ஸ் அப் இணைத்திருந்தாலும் அதனை பேக் அப் எனக் கருத வேண்டாம். போனில் 14 நாட்களுக்கு மேல் வாட்ஸ் அப் பயன்படுத்தாவிட்டால் அந்த இணைப்பு துண்டிக்கப்படும்.

பேக் அப் எடுக்கும் வழி

ஆண்ட்ராய்ட் போனில் வாட்ஸ் அப் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டவும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக் அப் என வரிசையாகச் செல்லவும். கடைசியாக எப்போது பேக் அப் எடுக்கப்பட்டது, அதன் அளவு எவ்வளவு என்பது இங்கே தெரியும். தேதி பழையதாக இருந்தால், போனைச் சார்ஜரில் போட்டு, வை-பி இணைப்பில் பேக் அப் பட்டனைத் தட்டவும். தானாக தினமும் அல்லது வாரந்தோறும் எடுக்கும்படியும் அமைக்கலாம். வீடியோக்கள் தாமாகச் சேராது. வேண்டும் எனில் அதற்கான ஆப்ஷனை இயக்க வேண்டும்.

முன்பு இந்த பேக் அப் கூகுள் இட அளவில் கணக்கிடப்படாமல் இருந்தது. 2023 டிசம்பரில் தொடங்கி, 2024ல் படிப்படியாக இந்தச் சலுகை நீக்கப்பட்டது. இப்போது ஜிமெயில், போட்டோக்களுடன் சேர்ந்து இலவசமான 15 ஜிபிக்குள் இதுவும் அடங்க வேண்டும். இடம் நிறைந்தால் பேக் அப் நின்றுவிடும். ஐபோனில் பேக் அப் ஐகிளவுடில் பதிவாகிறது. அங்கே இலவச இடம் 5 ஜிபி.

மூன்று சாவிகள்

1. போன் எண்: பேக் அப் எடுத்த அதே எண்ணில்தான் திரும்பப் பெற முடியும். பழைய சிம் கார்டை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட வேண்டாம்.

2. கூகுள் அக்கவுண்ட்: எந்த முகவரியில் பேக் அப் ஆகிறது என்பதனை சாட் பேக் அப் பக்கத்தில் பார்த்துக் குறித்துக் கொள்ளவும். பின்னர் உங்கள் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, அந்த முகவரி மற்றும் பாஸ்வேர்ட் கொடுத்து ஜிமெயிலில் நுழைந்து பார்க்கவும். நுழைய முடியவில்லை என்றால், போன் நன்றாக இயங்கும் இப்போதே பாஸ்வேர்டை மாற்றிவிடவும். மீட்பு எண்ணாக உங்கள் எண்ணைக் கொடுக்கவும். மாமா இந்தச் சோதனையைச் செய்திருந்தால் போதும்.

3. பேக் அப் பாஸ்வேர்ட்: 2021 அக்டோபர் முதல், பேக் அப்பினையும் என்கிரிப்ட் செய்திடும் வசதி தரப்படுகிறது. இதனை இயக்கினால் கூகுள், வாட்ஸ் அப் என யாரும் அதனைப் படிக்க முடியாது. ஆனால் இதற்கென அமைத்த பாஸ்வேர்ட் அல்லது 64 இலக்க கீ தொலைந்து, போனும் கையைவிட்டுப் போனால், அந்த நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வீட்டில் பத்திரமாக வைக்கவும். அந்தப் போனிலேயே எழுதி வைப்பதில் பயனில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு பிரதி

ஆண்ட்ராய்ட் போன் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தனக்குள்ளேயும் ஒரு பேக் அப் எடுக்கிறது. இதனைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வரலாம். யு.எஸ்.பி. கேபிளால் போனை இணைத்து, போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கம்ப்யூட்டரில் போனின் டிரைவைத் திறந்து, ஆண்ட்ராய்ட், மீடியா என்ற போல்டர்களுக்குள் சென்றால், காம் டாட் வாட்ஸ் அப் என்ற போல்டர் இருக்கும். அதனுள் உள்ள வாட்ஸ் அப் போல்டரை முழுமையாகக் காப்பி செய்து, கம்ப்யூட்டரில் ஒட்டவும்.

இதில் மீடியா என்ற போல்டரில் உள்ள படங்களும் வாய்ஸ் மெசேஜ்களும் சாதாரண பைல்களே. கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்க்கலாம், கேட்கலாம். டேட்டாபேசஸ் போல்டரில் உள்ள மெசேஜ் பைல்கள் பூட்டப்பட்டவை; கிளிக் செய்தால் திறக்காது. வாட்ஸ் அப் வழியாகத்தான் அவற்றை மீட்க முடியும்.

முக்கியமான ஓர் உரையாடலை மட்டும் படித்துப் பார்க்கச் சேமிக்க வேண்டும் எனில், எக்ஸ்போர்ட் சாட் வசதியினைப் பயன்படுத்தலாம். டெக்ஸ்ட் பைலாகக் கிடைக்கும். ஆனால் இதனை மீண்டும் வாட்ஸ் அப்பில் ஏற்ற முடியாது.

திரும்பப் பெறும்போது

புதிய போனில் முதலில் அதே கூகுள் அக்கவுண்ட்டைச் சேர்க்கவும். பின்னர் வாட்ஸ் அப் இன்ஸ்டால் செய்து, அதே எண்ணைக் கொடுத்து, எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் 6 இலக்க எண்ணைத் தரவும். பேக் அப் இருப்பதாகக் காட்டி, ரீஸ்டோர் செய்யவா எனக் கேட்கும். இங்கே ஸ்கிப் தட்டிவிட வேண்டாம். தவறித் தட்டிவிட்டால், புதிய பேக் அப் எடுக்காமல் உடனே வாட்ஸ் அப்பை நீக்கி, மீண்டும் இன்ஸ்டால் செய்திடவும். புதிய பேக் அப் எடுத்தால் அது பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும்.

ஆண்ட்ராய்டில் எடுத்த கூகுள் பேக் அப், ஐபோனில் ஏறாது. ஐகிளவுட் பேக் அப் ஆண்ட்ராய்டில் ஏறாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர், பழைய போன் இயங்கும்போதே அதற்கான டிரான்ஸ்பர் வசதியினைப் பயன்படுத்த வேண்டும்.

அழிந்த மெசேஜ்களை மீட்டுத் தருகிறேன் எனக் கூறும் புரோகிராம்களிடம் எச்சரிக்கை தேவை. உங்கள் 6 இலக்க எண்ணைக் கேட்பவர் யாராக இருந்தாலும் தர வேண்டாம். அது கிடைத்தால் உங்கள் அக்கவுண்ட் அவர் கைக்குப் போய்விடும்.

குடும்பக் குழுவில் அத்தை பேசிய சில வாய்ஸ் மெசேஜ்கள் என் போனில் இருந்தன. அவற்றை மாமாவுக்கு அனுப்பி வைத்தேன். அவருக்கென்று மட்டும் அத்தை அனுப்பியவை வேறு எவரிடமும் இல்லை.

இன்றே உங்கள் கூகுள் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். அப்படியே வீட்டில் உள்ள பெரியவர்களின் போனையும் வாங்கிப் பாருங்கள்.