மின்னலைத் தடுக்கும் காந்த வளையம்

கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் ஐப்பசி மழையோடு இடியும் மின்னலும் வருவதுண்டு. அருகில் விழும் மின்னல், கணினி வலைக் கம்பியில் உயர் மின்னழுத்தத்தைத் தூண்டும். அதைத் தடுத்துச் செய்தியை மட்டும் கணினிக்குள் விடுவது எங்ஙனம்?

கம்பி வந்து சேருமிடத்தில், மிளகளவு வளையத்தில் சுற்றிய மின்மாற்றி ஒன்று உள்ளது. அதன் இரு சுருள்களுக்கும் மின் தொடர்பு இல்லை. செய்தி காந்தப்புலத்தின் வழியே கடக்கிறது. ஈதர்நெட் விதிப்படி இக்காப்பு 1,500 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்க வேண்டும்.

இவ்வளையத்தை இரும்பால் செய்தால், உயர் அதிர்வெண்ணில் சுழல் மின்னோட்டம் தோன்றி ஆற்றல் வெப்பமாக வீணாகும். எனவே ஃபெர்ரைட் பயன்படுகிறது. இரும்பு, மாங்கனீசு, துத்தநாக ஆக்சைடுகளைக் கலந்து மட்பாண்டம்போல் சுட்டெடுப்பது இது, மின்தடை மிக்கது. 1930இல் டோக்கியோவில் கட்டோ, டக்கே ஆகியோர் ஃபெர்ரைட்டை உருவாக்கினர். நம் நாட்டில், 1974இல் தொடங்கப்பெற்ற சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது.

ஆனால் ஒரு சிக்கல். சுருள்களை நெருக்கிச் சுற்றினால் அவற்றிடையே மின்தேக்குதிறன் கூடும். அது 10 பிகோஃபாரடு எனக் கொள்வோம். 50 ஹெர்ட்சில் அதன் மறுப்பு சுமார் 32 கோடி ஓம். 1 கோடி ஹெர்ட்சிலோ சுமார் 1,600 ஓம்தான்! மின்னலின் விரைவுத் துடிப்பு அவ்வழியே கசிந்துவிடும். விலக்கிச் சுற்றினால் காந்தப்புலம் சிதறிச் செய்தி மங்கும்.

காந்த உட்புகுதிறன் மிக்க ஃபெர்ரைட்டைத் தேர்ந்தால் சில சுற்றுகளே போதும். இரு குறைகளும் தணியும். இதுவே வடிவமைப்பின் சூட்சுமம்.

எனினும், நேரே விழும் மின்னலை இவ்வளையம் தாங்காது. இடி நெருங்குமுன் கம்பியைக் கழற்றிவைப்பதே அறிவுடைமை.