எந்தக் குழாயில் எந்தத் தண்ணீர்?

காட்பாடியில் ஒரு பழைய வீடு வாங்கினோம். பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டட வரைபடம் எல்லாம் கைக்கு வந்துடுச்சு. தண்ணீர்க் குழாய்களுக்கு மட்டும் வரைபடமே இல்லை. மொட்டை மாடியில் ரெண்டு டேங்க், ஏழு வால்வு. பெரிய டேங்க்குக்கு போர் தண்ணீர். சின்னதுக்கு, மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் சம்ப் வழியாக ஏறுது. சமையலறைக்கு எது வருது என்பதுதான் கேள்வி.

"ரெண்டும் தண்ணிதானே" என்று இந்தப் பக்கத்தில் விட்டுவிட முடியாது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றின் மேல்பகுதியில் இருக்கின்றன. தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள்; அதை ஊறவைத்துக் கழுவும் நீரில் உப்பு கரைந்து வரும். இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனது என்ற ஆய்வுக் கணக்கு, உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே இருக்கு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது.

உப்பு கரைந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். டிடிஎஸ் மீட்டர் அதை அளந்துதான் கரைந்த உப்பின் அளவைக் கணிக்குது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்க வீட்டில் காவிரித் தண்ணீர் மூன்று இலக்கம், போர் நான்கு இலக்கம். அதனால் உப்பையே அடையாளமாக வைத்துக் குழாயைக் கண்டுபிடிக்கலாம்.

முறை எளிது. டேங்க்கிலிருந்து இறங்கும் எல்லா வால்வையும் மூடணும். ஒன்றை மட்டும் திறந்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்க்கணும். குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போகும்வரை ஓடவிட்டு அளந்து, ஒரு அட்டவணையில் குறிக்கணும். பிறகு அதை மூடிவிட்டு அடுத்த வால்வு.

சமையலறைக் குழாயில்தான் விஷயம் பிடிபட்டது. காவிரி டேங்க் வால்வை மூடியும், நூல் மாதிரி தண்ணீர் வந்துட்டே இருந்தது. ரெண்டையும் திறந்தபோது அளவு நடுவில் நின்றது. அதாவது கலப்பு.

மாடிச் சுவரோரம் ரெண்டு டேங்க்கின் இறங்கு குழாய்களையும் இணைத்து ஒரு பைபாஸ், நடுவில் பழைய கேட் வால்வு. காவிரித் தண்ணீர் வராத நாளுக்காகப் போட்டிருக்கணும். கேட் வால்வின் அடியில் மண்ணோ உப்புப் படிவமோ சேர்ந்தால் இறுக்கி மூடினாலும் கசியும். எந்த டேங்க்கில் நீர்மட்டம் உயரமோ, அது மற்றதன் பக்கம் தள்ளும். பெரிய டேங்க் உயரமான மேடையில் இருந்ததால் போர் தண்ணீர்தான் ஜெயித்தது.

வால்வை மாற்றுவது போதாது. புதுசும் ஒருநாள் கசியும். பைபாஸை வெட்டி, ரெண்டு முனைக்கும் மூடி போட்டோம். இதே இணைப்பு தெருக் குழாய்ப் பக்கம் இருந்தால் இன்னும் ஆபத்து: சப்ளை இல்லாத நேரம் அழுத்தம் இறங்கும், உங்க போர் தண்ணீர் தெருவுக்கே போகலாம். சம்ப்பில் கார்ப்பரேஷன் குழாயின் வாய் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. டிடிஎஸ் மீட்டருக்கு உப்பும் குரோமியமும் ஒன்றுதான், பிரித்துச் சொல்லாது. குறைந்த எண் வந்தால் கிருமி இல்லை என்றும் அர்த்தமில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. குடிக்கும் தண்ணீரை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்க. வால்வுகளுக்குப் பெயின்ட்டால் எண் எழுதி, அட்டவணையின் ஒரு நகலை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்க.