குவார்ட்டர்பேக்குகள்: காலங்களுக்கிடையேயான ஒப்பீடு

குவார்ட்டர்பேக் என்பவர் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் தாக்கும் அணியை வழிநடத்திப் பந்தை எறியும் ஆட்டக்காரர் ஆவார். வெவ்வேறு காலத்தவரை எண்ணிக்கையால் மட்டும் ஒப்பிடுதல் பொருந்தாது.

ஜானி யுனைட்டஸ் 1959இல் 12 ஆட்டங்களில் 32 டச்டவுன் எறிவுகளை நிகழ்த்தினார். அது அன்றைய சாதனையாகும். பெய்ட்டன் மானிங் 2013இல் 16 ஆட்டங்களில் 55 நிகழ்த்தினார். இடையே, 1978இல் விதிகள் மாற்றப்பட்டன. பந்தைப் பிடிக்க ஓடுபவரை ஐந்து யார்டுகளுக்கு அப்பால் எதிரணியினர் இடித்துத் தடுத்தல் தடைசெய்யப்பட்டது. இதனால் பந்தெறிதல் எளிதாயிற்று.

ஆயினும், தொடர்ச்சியாக 47 ஆட்டங்களில் டச்டவுன் எறிந்த யுனைட்டஸின் சாதனை, 1960 முதல் 2012இல் டுரூ பிரீஸ் முறியடிக்கும் வரை நிலைத்திருந்தது. எனவே ஒருவர் தம் காலத்தவரை எவ்வளவு விஞ்சினார் என்பதே தகுந்த அளவுகோலாகும்.