அறிவிப்புப் பெறுவி

அறிவிப்புப் பெறுவி அல்லது பிராட்காஸ்ட் ரிசீவர் என்பது, கைபேசியில் நிகழும் நிகழ்வுகளை ஒரு செயலி அறிந்து அதற்கேற்பச் செயற்பட ஆண்ட்ராய்டு இயங்குதளம் வழங்கும் மென்பொருட் கூறு ஆகும். குறுஞ்செய்தி வருதல், மின்கலத்தின் மின்னூட்டம் குறைதல், சார்ஜர் இணைக்கப்படுதல், கைபேசி அணைந்து மீண்டும் தொடங்குதல், நேர வலயம் மாறுதல் முதலியன இத்தகைய நிகழ்வுகள். ஆண்ட்ராய்டுச் செயலிகள் நான்கு வகைக் கூறுகளால் கட்டப்படுகின்றன. ஆக்டிவிட்டி, சர்வீஸ், கன்டென்ட் புரொவைடர் என்பன ஏனைய மூன்று. 2008-இல் வெளியான முதற் பதிப்பிலிருந்தே இந்நான்கும் உள்ளன.

தேவை

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு பயனர் எண்ணும் தனி நினைவகமும் கொண்டு இயங்குகிறது. ஒரு செயலி மற்றொன்றின் நினைவகத்தைத் தொட முடியாது. எனவே செயலிகள் தமக்குள் பேச வேண்டுமாயின் இயங்குதளத்தின் வழியாகவே பேச வேண்டும். பைண்டர் எனப்படும் கருனிப் பகுதி இச்செய்திகளைச் சுமந்து செல்கிறது.

நிகழ்வு நடந்ததா என்று ஒவ்வொரு செயலியும் நொடிக்கொரு முறை கேட்டுக் கொண்டிருப்பது மற்றொரு வழி. அவ்வாறு செய்தால் மின்கலம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணையாளர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். முட்டையின் பண்ணைக் கொள்முதல் விலையை, 1982-இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கென அறிவிக்கிறது. ஒவ்வொரு பண்ணையாளரும் மணிக்கொரு முறை தொலைபேசியில் விலை கேட்பதில்லை. விலை மாறும்போது செய்தி அவர்களை வந்தடைகிறது. அச்செய்தியை யார் யார் படித்தனர், படித்தபின் முட்டையை விற்றனரா இருப்பு வைத்தனரா என்பது அறிவித்தவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆண்ட்ராய்டின் பொது அறிவிப்பும் இத்தன்மையதே. கைபேசிக் கோபுரத்திலிருந்து அனைத்துக் கைபேசிகளுக்கும் அனுப்பப்படும் பேரிடர் எச்சரிக்கை (இந்தியாவில் 2023-இல் பலமுறை சோதிக்கப்பட்டது) வேறொரு தொழினுட்பம். இரண்டுக்கும் ஆங்கிலப் பெயர் ஒத்திருப்பதால் மாணவர்கள் குழம்புவதுண்டு.

இன்டென்ட்

அறிவிப்பு இன்டென்ட் என்னும் சிறு பொதியாகச் செல்கிறது. அதில் செயலின் பெயரும் தேவையான தரவும் இருக்கும். பெறுநரின் பெயர் குறிக்கப்பட்டிருந்தால் அது வெளிப்படை இன்டென்ட். குறிக்கப்படாவிட்டால் உட்கிடை இன்டென்ட். சங்ககிரியில் சரக்கு அனுப்புபவர் குறிப்பிட்ட வண்டியின் உரிமையாளரையே அழைத்துச் சொல்லலாம். அல்லது புக்கிங் அலுவலகத்தில் 'மும்பைக்குச் சரக்கு உள்ளது' என்று மட்டும் சொல்லலாம். அத்தடத்தில் ஓடுவதாகச் சொல்லி வைத்திருக்கும் வண்டிகளை அலுவலகம் தேடித் தரும். செயலி தன் மேனிபெஸ்ட் கோப்பில் எழுதி வைக்கும் இன்டென்ட் பில்டர் என்பது இத்தகைய முன்பதிவே. ஓர் ஒப்புமை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. சரக்கை ஒரு வண்டிதான் ஏற்றும். பொது அறிவிப்போ பதிந்துள்ள அனைவருக்கும் செல்லும்.

மேனிபெஸ்டில் பதியப்பட்ட பெறுவிக்காக, செயலி இயங்காத நிலையிலும் இயங்குதளம் அதை எழுப்பும். நிரல் இயங்கும்போது பதியப்படும் பெறுவியோ, செயலி உயிருடன் இருக்கும் வரையே கேட்கும். திரை ஒளிர்தல், மின்னூட்ட அளவு மாறுதல் போன்ற அடிக்கடி நிகழும் அறிவிப்புகளை இரண்டாம் முறையில் மட்டுமே பெற இயலும்.

எடுத்துக்காட்டு: மோட்டார் ஸ்டார்ட்டர்

சேலம், நாமக்கல் சமவெளியில் கிணறுகள் வற்றிய இடங்களில் ஆழ்துளைக் கிணறுகளே பாசனத்துக்கு உதவுகின்றன. அவற்றைத் தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் செல்கின்றன. வேளாண்மைக்கான மும்முனை மின்சாரம் நீண்ட காலம் சுழற்சி முறையில், இரவில் சில மணி நேரமும் பகலில் சில மணி நேரமுமாக வழங்கப்பட்டது. மின்சாரம் வரும் நேரத்தில் தோட்டத்துக்கு நடந்து சென்று மோட்டாரைப் போடுவதற்கு மாற்றாகப் பரவியது, சிம் அட்டை பொருத்திய ஸ்டார்ட்டர். வீட்டிலிருந்து ஓர் அழைப்போ குறுஞ்செய்தியோ அனுப்பினால் மோட்டார் ஓடும். மின்சாரம் வந்தது, மோட்டார் நின்றது, நீர் இல்லாமல் ஓடுகிறது என்பனவற்றை ஸ்டார்ட்டர் குறுஞ்செய்தியாகத் தெரிவிக்கும்.

இச்செய்தி வந்ததும் உரத்து ஒலிக்கும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். குறுஞ்செய்தி கைபேசியின் மோடத்தை அடைந்ததும் இயங்குதளம் அதை முதன்மைக் குறுஞ்செய்திச் செயலியிடம் ஒப்படைக்கிறது. பின்னர், குறுஞ்செய்தி பெற அனுமதி உள்ள பிற செயலிகளுக்கும் அறிவிக்கிறது. நமது செயலி உறங்கினால் எழுப்பப்பட்டு, அதன் பெறுவியிலுள்ள ஆன்ரிசீவ் என்னும் செயற்கூறு அழைக்கப்படும். அச்செயற்கூறு முதன்மை இழையில் ஓடுவதால் சில நொடிகளுக்குள் முடிய வேண்டும். இல்லையேல் செயலி பதிலளிக்கவில்லை என்று இயங்குதளம் முடிவு செய்யும். அதனுள் புதிய இழையைத் தொடங்கிவிட்டு வெளியேறுவது புதிய நிரலர் பலரிடம் காணப்படும் வழு. ஆன்ரிசீவ் முடிந்தவுடன் செயலியையே இயங்குதளம் நிறுத்திவிடக்கூடும். இழையும் உடன் மறையும். நீண்ட பணியை ஒர்க்மேனேஜர் போன்ற திட்டமிடு கருவியிடம் ஒப்படைப்பதே முறை.

செய்தி வந்தும் செயலி ஒலிக்காமற் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. 2011-இல் வந்த 3.1 பதிப்பு முதல், நிறுவியபின் ஒருமுறையேனும் திறக்கப்படாத செயலிக்குப் பொது அறிவிப்புகள் வழக்கமாகச் செல்வதில்லை. பயனர் வலிந்து நிறுத்திய செயலிக்கும் அவ்வாறே. 6.0 பதிப்பு முதல் (2015) குறுஞ்செய்தி அனுமதியைப் பயனர் தனியே தர வேண்டும். இவை ஆவணங்களில் உள்ள விதிகள். ஆவணத்தில் இல்லாத தொல்லை, சில தயாரிப்பாளர்கள் சேர்க்கும் மின்சேமிப்பு வசதி. அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டாலே செயலியை வலிந்து நிறுத்தியதாக அத்தகைய கைபேசிகள் கருதுகின்றன. பயனருக்கு இது தெரிவதில்லை. செயலி பழுது என்றே எண்ணுவார்.

நீரின்றி ஓடும் மோட்டார் சூடேறிச் சுருள் எரிந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றின் நீர்மூழ்கி மோட்டாரை மேலே தூக்கிச் சுருள் கட்டுவது பெருஞ்செலவு. ஆதலால் கைபேசியின் அறிவிப்பைப் பாதுகாப்புச் சாதனமாகக் கொள்வது தவறான வடிவமைப்பு ஆகும். மின்னோட்டம் குறைவதை உணர்ந்து மோட்டாரை நிறுத்தும் அமைப்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். நிறுத்திய செய்தியைச் சொல்வது மட்டுமே செயலியின் வேலை.

பாதுகாப்பு

2013-இல் வெளிவந்த 4.4 பதிப்புக்கு முன்னர், குறுஞ்செய்தி அறிவிப்பு வரிசை முறையில் சென்றது. முன்னுரிமை எண் மிகுந்த செயலி முதலில் பெற்று, அறிவிப்பை அங்கேயே நிறுத்திவிடலாம். வங்கி அனுப்பிய கடவுஎண்ணைத் தீய செயலிகள் இவ்வாறு விழுங்கின. கணக்கு உரிமையாளருக்குச் செய்தி வந்ததே தெரியவில்லை. 4.4 பதிப்பு இதற்கு முடிவு கட்டியது. ஆனால் அனுமதி பெற்ற செயலி இன்றும் செய்தியைப் படிக்க இயலும். போக்குவரத்து அபராதச் சீட்டு என்ற பெயரில் 2024-இல் வாட்சப் வழியே பரவிய ஏபிகே கோப்புகள் முதலிற் கேட்டது இந்த அனுமதியைத்தான். வண்டி வைத்திருப்பவருக்கு அபராதம் என்றால் ஐயம் எழுவதில்லை. கூகுள் பிளே 2019 முதல் இவ்வனுமதியைப் பெரும்பாலான செயலிகளுக்கு மறுத்து வருகிறது. வாட்சப்பில் வரும் கோப்புக்கு அத்தடை இல்லை.

பெறுவி எழுதுவோரும் கவனமாக இருத்தல் வேண்டும். பெறுவி வெளிச்செயலிகளுக்குத் திறந்திருந்தால், 'மோட்டார் நின்றது' என்னும் பொய் அறிவிப்பை எச்செயலியும் அனுப்பலாம். குறுஞ்செய்தி வந்த எண் ஸ்டார்ட்டருடையதுதானா என்றும் சரிபார்க்க வேண்டும். பெறுவி திறந்ததா மூடியதா என்று வெளிப்படையாக எழுதுவதை, இன்டென்ட் பில்டர் உள்ள கூறுகளுக்கு 12-ஆம் பதிப்பும் (2021), இயங்கும்போது பதியப்படுவனவற்றுக்கு 14-ஆம் பதிப்பும் (2023) கட்டாயமாக்கின.

கட்டுப்பாடுகள்

தொடக்கத்தில் எச்செயலியும் எவ்வறிவிப்பையும் கேட்கலாம் என்றிருந்தது. ஒரு படம் எடுத்தால் பல செயலிகள் ஒரே நேரத்தில் விழித்தன. நினைவகம் குறைந்த கைபேசிகள் திணறின. 7.0 பதிப்பு (2016) புதிய படம், புதிய காணொளி அறிவிப்புகளை நீக்கியது. இணைய இணைப்பு மாற்ற அறிவிப்பை மேனிபெஸ்டில் பதிந்து பெறுவதையும் தடுத்தது. 8.0 பதிப்பு (2017) பெரும்பாலான உட்கிடை அறிவிப்புகளுக்கு அத்தடையை விரித்தது. குறுஞ்செய்தி வருகையும் கைபேசி தொடக்கமும் விலக்குப் பெற்றவை. மோட்டார்ச் செயலி பிழைத்திருப்பது இவ்விலக்கினால்தான். இணையவழி இயங்கும் ஸ்டார்ட்டர்களுக்கு வேறு வழி உண்டு. வழங்கியிலிருந்து பயர்பேஸ் சேவை மூலம் உயர் முன்னுரிமைச் செய்தி அனுப்பினால், ஆழ்ந்த உறக்கத்திலுள்ள கைபேசியும் விழிக்கும். தோட்டத்திலும் வீட்டிலும் இணையம் கிடைக்க வேண்டும் என்பது இதன் குறை.

பிற இயங்குதளங்கள்

2002-இல் வந்த ஜாவா மிட்ப் 2.0 தரத்தில், வரும் செய்திக்காகச் செயலியை எழுப்பும் புஷ் ரெஜிஸ்ட்ரி இருந்தது. பொத்தான் கைபேசிகளிலும் இது இயன்றது. ஐபோனில் நோட்டிபிகேஷன் சென்டர் என்னும் நிரற்கூறு ஒரே செயலியின் பகுதிகளுக்கிடையே செய்தி கடத்துகிறது. பிற செயலிகள் குறுஞ்செய்திப் பெட்டியைப் படிக்க ஐபோன் இடமளிப்பதில்லை. அறிமுகமற்ற எண்களின் செய்திகளை வகைப்படுத்தும் வடிகட்டி மட்டும் 2017-இல் அனுமதிக்கப்பட்டது. ஆகவே மேற்கூறிய மோட்டார்ச் செயலியை ஐபோனுக்கு அப்படியே எழுத முடியாது. ஸ்டார்ட்டரை இணையத்துடன் இணைத்தாக வேண்டும்.