சிறை முகாமில் மலர்ந்த கல்வி

கல்வி பிழைப்பைத் தரும் என்பதை யாவரும் அறிவர். பிழைத்திருப்பதே அரிதாகிவிட்ட இடத்தில் கல்வி எதைத் தரும்? இவ்வினாவிற்கு எர்னஸ்ட் கார்டன் என்னும் ஸ்காட்லாந்துப் போர்வீரரின் வாழ்வில் விடை இருக்கின்றது. அதனை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

போர்முனையும் சிறையும்

1916ஆம் ஆண்டு கிரீனக் என்னும் துறைமுக நகரில் பிறந்த கார்டன், இரண்டாம் உலகப் போரில் ஸ்காட்லாந்துக் காலாட்படைப் பிரிவொன்றின் அதிகாரியாக மலாயாவில் போரிட்டார். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சுமத்திராவிலிருந்து பாய்மரப் படகேறி இலங்கை நோக்கித் தப்பிச் சென்ற அவர், கடலிலேயே ஜப்பானியரிடம் சிக்கினார். பின்னர்ச் சயாம்-பர்மா இரயில் பாதைப் பணிக்கு அனுப்பப்பட்டார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வதைபட்டனர். அவருள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் தொண்டை அடைப்பானும் வருத்த, கார்டனின் கால்கள் செயலிழந்தன. சுங்காய் முகாமில், சாகக் கிடந்தோரை ஒதுக்கி வைத்த கொட்டகையில் அவரும் கிடத்தப்பட்டார். உடனிருந்த வீரர் இருவர் நாள்தோறும் வந்து புண்களைக் கழுவிக் கால்களை நீவிவிட்டு, அவரை மீண்டும் நடக்கச் செய்தனர்.

காட்டுப் பல்கலைக்கழகம்

பசி மிகுந்தபோது ஒருவர் பொருளை மற்றவர் திருடும் நிலைக்கு முகாம் தாழ்ந்திருந்தது. தன்னலமற்ற சிலரின் தொண்டினால் அந்நிலை மெல்ல மாறிற்று. கைதிகள் தாமே ஒரு ‘காட்டுப் பல்கலைக்கழகம்’ அமைத்தனர். வரலாறு, மெய்யியல், பொருளியல், கணிதம் ஆகியவற்றோடு கிரேக்கம், இலத்தீன், வடமொழி முதலியனவும் அங்குக் கற்பிக்கப்பட்டன. பாடநூல்கள் இல்லாத குறையை ஆசிரியர்களின் நினைவாற்றல் நிறைவு செய்தது. வாழ்வின் பொருளைப் பற்றிய உரையாடல் வட்டத்தை நடத்துமாறு தோழர்கள் கார்டனை வேண்டினர். அவர் ஆசிரியரானது அங்கேதான் எனலாம்.

அக்கல்வியின் பயன் 1945இல் வெளிப்பட்டது. கைதிகளை வேறு முகாமிற்குக் கொண்டு சென்ற வழியில், காயமுற்ற ஜப்பானிய வீரர்கள் நிறைந்த வண்டியொன்று நின்றது. அவர்களைக் கவனிப்பார் எவருமில்லை. கார்டனும் தோழர்களும் இறங்கிச் சென்று தண்ணீரும் உணவும் தந்து, புண்களையும் துடைத்தனர். ‘பகைவர்க்கா இவ்வுதவி?’ என்று அவர்தம் தரப்பு அதிகாரி ஒருவரே கடிந்துகொண்டார். ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியை, அவரை அறியாதோர் அங்கு வாழ்ந்து காட்டினர்.

பிரின்ஸ்டனில்

போருக்குப்பின் இறையியல் பயின்று அமெரிக்காவில் குடியேறிய கார்டன், 1955 முதல் 1981 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைவராக இருந்து மாணவர் பலரை நெறிப்படுத்தினார். 1962இல் தம் சிறை அனுபவங்களை நூலாக்கினார். இலங்கையின் கித்துள்கலையில் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்த குவாய் நதிப் பாலத் திரைப்படம், ஆங்கிலேய அதிகாரி பெருமிதத்துடன் பாலம் கட்டியதாகக் காட்டிற்று. துப்பாக்கி முனையில், மூங்கில் தடியின் அடியில் கட்டியதே உண்மை என்று கார்டன் எழுதினார். அவர் 2002இல் மறைந்தார்.

நம் கடமை

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டனர். மாண்ட வீரர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. நம்மவருள் பெரும்பாலோர்க்கு அவ்வாறு அமையவில்லை. கார்டனுக்குக் கல்வி இருந்தது. எனவே அவர்தம் தோழர்களின் துயரம் நூலாக நிலைத்தது. எழுத்தறியும் வாய்ப்பைப் பெறாத நம் தொழிலாளரின் துயரமோ அவர்களோடு பெரிதும் மண்ணில் புதைந்தது. தமிழ் பயிலும் மாணவர்கள் தம் குடும்பத்திலோ ஊரிலோ மலாயா சென்று மீண்ட முதியோரின் வழித்தோன்றல்கள் உளரேல், அவர்களை அணுகிக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். பெற்ற கல்விக்கு நாம் செலுத்தும் கடனும் அதுவேயாகும்.