மோதிரத்துக்குள் நுழையும் சால்வை... கை நோகாமல் பின்னுவது எப்படி?

சுமார் 6 அடி நீளம், 6 அடி அகலம். ஆனால், ஒரு கல்யாண மோதிரத்துக்குள் விட்டு இழுத்தால் முழுசாக மறுபக்கம் வந்துவிடும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் 19-ம் நூற்றாண்டில் பேர்வாங்கிய கம்பளி லேஸ் சால்வை இது. அங்குள்ள அன்ஸ்ட் தீவு இதற்கு ரொம்பவே ஃபேமஸ்.

அந்தப் பழைய டிசைனை அப்படியே கையால் பின்னிப் பார்க்க இன்றும் பலர் ஆசைப்படுகிறார்கள். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. டிசைனைக் கற்றுக்கொண்டுவிடலாம், மணிக்கட்டும் கழுத்தும் ஒத்துழைக்க வேண்டுமே!

ஏன் வலிக்கிறது?

நூல் முடி மாதிரி மெல்லியது. கண்ணி நழுவிவிடுமோ என்ற பயத்தில் விரல்கள் ஊசியை இறுக்கிப் பிடிக்கின்றன. கண்ணிகளை எண்ணுவதற்காகத் தலை குனிந்தே இருக்கிறது. ஒரே அசைவு ஆயிரக்கணக்கான தடவை. கட்டைவிரல் பக்கத் தசைநாண் வீங்கலாம். மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போகலாம்.

ஷெட்லாந்து பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இடுப்பில் தோல் பெல்ட், அதில் குதிரைமுடி திணித்து ஓட்டைகள் போட்ட ஒரு பட்டை. ஊசியின் ஒரு முனையை ஓட்டையில் செருகிவிட்டால் பாரத்தை இடுப்பு தாங்கிக்கொள்ளும். அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளை முதுகுக் கூடையில் சுமந்தபடி, நடந்துகொண்டே பின்னியவர்கள் அவர்கள். லேஸ் மட்டும் அப்படி நடந்துகொண்டே செய்கிற வேலை அல்ல.

இதைப் படித்து 'அந்தக் காலத்துப் பெண்கள் எவ்வளவு நிதானமா வாழ்ந்திருக்காங்க' என்று உருக வேண்டாம். பின்னியதற்குக் காசு தராமல் டீத்தூள், துணி என்று பொருளாகவே கொடுத்தார்கள் வியாபாரிகள். 1872-ல் பிரிட்டிஷ் அரசு இதை விசாரிக்கும் அளவுக்குப் போனது. வேகத்தைக் குறைக்கும் வசதி அவர்களுக்கு இருக்கவில்லை. பொழுதுபோக்காகப் பின்னுகிறவருக்கு இருக்கிறது.

எப்படிப் பிரித்துச் செய்வது?

பழைய முறையில் ஓர விளிம்புதான் முதலில். குறுகலான பட்டை, சின்னச் சின்ன வரிசைகள். எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதிலிருந்து கண்ணிகளை எடுத்து பார்டர் தொடங்கும்போதுதான் ஆபத்து. ஒரே வரிசையில் நூற்றுக்கணக்கான கண்ணிகள். 'இந்த வரிசையை முடிச்சிட்டு எழுந்திருக்கலாம்' என்று உட்கார்ந்தால் பொழுதே போய்விடும். அதனால் வரிசையை விட்டுவிட்டு கடிகாரத்தைப் பார்ப்பது நல்லது. 20 நிமிடத்துக்கு டைமர் வைத்து, அடித்ததும் எழுந்து தோளையும் விரல்களையும் தளர்த்தலாம். டிசைன் திரும்ப வரும் இடங்களில் அடையாள வளையம் மாட்டியிருந்தால் வரிசையின் நடுவிலும் தைரியமாக நிறுத்தலாம்.

இன்னொன்று 'லைஃப்லைன்'. சில வரிசைகளுக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிகள் வழியாகவும் வேறு நிற நூலைக் கோத்துவிடுவது. கண்ணி நழுவினாலும் பின்னல் அதுவரைதான் பிரியும். அந்தப் பயம் போனாலே பிடி தளர்ந்துவிடும்.

நீண்ட கேபிள் வைத்த வட்ட ஊசியில் பின்னினால் சால்வையின் எடை மடியில் கிடக்கும். 'இது பழைய முறை இல்லையே' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், டிசைன் மாறப்போவதில்லை.

மரத்துப்போவதோ ராத்திரி வலியோ சில நாள் ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால், டாக்டரைப் பார்க்கும் வரை ஊசியைத் தொட வேண்டாம். லைஃப்லைன் போட்ட சால்வை எத்தனை மாதமானாலும் பையில் அப்படியே காத்திருக்கும். கம்பளி என்பதால் அந்துப்பூச்சி மட்டும் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.